மூட்டையில் கட்டிய அறிவு



போன தவணையில் ஒருநாள், தரம் 10 வரலாற்றுப் பாடத்துக்குள் நுழையும் நேரம் பார்த்து எங்கள் போன் உயிரை விட்டது. குறிப்பு, படங்கள், கேள்விகள் எல்லாம் அதற்குள். துடைத்த கரும்பலகையையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றோம். பின்வரிசையில் ஒரு பிள்ளை, "பரவாயில்ல சேர், பொறகு குரூப்பில போடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அன்றிரவு நினைவுக்கு வந்தது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் மூட்டை. வரலாற்றாசிரியர்கள் பதிந்து வைத்த சம்பவம் இது. இளவயதில் ஜுர்ஜானில் ஓதிவிட்டு, எழுதிய குறிப்புகளோடு சொந்த ஊரான தூஸுக்குத் திரும்புகிறார். வழியில் கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார்கள். இமாமவர்கள் விடாமல் பின்னாலேயே போகிறார். அந்தக் குறிப்புகளால் உங்களுக்குப் பயனில்லை, அதை எழுதத்தான் ஊரைவிட்டே போனேன், அதை மட்டும் தாருங்கள் என்று கெஞ்சுகிறார். தலைவன் சிரிக்கிறான். பையை எடுத்ததும் இல்லாமல் போகிற அறிவை நீ எப்படிக் கற்றதாகச் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுக்கிறான். அல்லாஹ்தான் அவனைப் பேச வைத்தான் என்று எடுத்துக்கொண்ட இமாமவர்கள், தூஸில் 3 வருடம் இருந்து அத்தனையையும் மனனமாக்கினார்.

கொள்ளையன் எங்களிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்?

இதோடு கதை முடிந்திருந்தால் 'நன்றாகப் பாடமாக்குங்கள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பெரிய சோதனை பிறகுதான் வந்தது. கி.பி. 1091இல், 33 வயதளவில், பக்தாத் நிஸாமிய்யாவில் தலைமைப் பேராசிரியர். ஏறத்தாழ 300 மாணவர்கள். அமைச்சர் நிஸாமுல் முல்க்கின் ஆதரவு, அரச சபையில் மரியாதை. ஓய்வு நேரங்களில் தத்துவ நூல்களை ஆசான் இல்லாமலேயே படித்துத் தேறினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

1095இல் நாக்கு நின்றுவிட்டது. இதைத் தன் கையாலேயே 'அல் முன்கித் மினள் ளலால்' நூலில் எழுதியிருக்கிறார். இந்தப் போதனை உண்மையில் அல்லாஹ்வுக்காகவா, பேர் புகழுக்காகவா என்று தன்னையே கேட்கத் தொடங்கியவருக்கு விடை பிடிக்கவில்லை. 6 மாதம் போவதா இருப்பதா என்ற இழுபறி. ஒரு நாளாவது பாடம் நடத்திப் பிள்ளைகளைத் திருப்திப்படுத்துவோம் என்று முயன்றும் ஒரு சொல் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிட்டார்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பிறகு மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷாமுக்குப் புறப்பட்டார். குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைக் கொடுத்துவிட்டார். (குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனார் என்று சிலர் பயானில் சொல்வது பிழை.) திமிஷ்க் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார். பிறகு பைத்துல் முகத்தஸ், ஹெப்ரோன், ஹஜ்.

இமாமவர்கள் அறிவியலுக்கு எதிரி என்ற பேச்சும் அடிக்கடி கேட்கிறோம். கணிதத்தை மறுப்பதால் இஸ்லாத்தைக் காக்கலாம் என்று நினைப்பவன் மார்க்கத்துக்குப் பெரும் தீங்கு செய்கிறான் என்று அதே முன்கித்தில் எழுதியவர் அவர். அவருடைய பிரச்சினை கருவியிலோ கலையிலோ இல்லை, அதைப் பிடித்திருக்கும் உள்ளத்தில் இருந்தது. அதனால்தான் போனை உடைத்துப் போடுங்கள் என்ற பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை.

40 கிதாபுகளைக் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' அந்தத் தனிமைக் காலத்தோடு சேர்ந்த நூல். அதன் 38ஆவது கிதாபில் எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு உடனே விளங்கும் உதாரணம் ஒன்று உண்டு. கூட்டாளியோடு காலையில் நிபந்தனை பேசி, பகலில் கண்காணித்து, இரவில் கடைக் கணக்குப் பார்ப்பதுபோல நஃப்ஸோடும் செய்யச் சொல்கிறார். சுபஹுக்குப் பிறகு நிபந்தனை, நாள் முடியும்போது கணக்கு. ஒரு நாளின் 24 மணித்தியாலமும் 24 பேழைகளாக நாளை மறுமையில் திறக்கப்படும் என்ற அறிவிப்பையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார். நன்மை செய்த நேரம் ஒளியோடு, பாவம் செய்த நேரம் இருளோடு. மூன்றாவது வகைப் பேழையில் ஒன்றுமே இருக்காது. தூங்கியோ பராக்காகவோ போன நேரம். அந்த வெறும் பேழையைப் பார்த்தும் மனிதன் கைசேதப்படுவானாம்.

புதிய போனில், திரையில் செலவான நேரம் பார்க்கும் இடத்தைத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு 4 மணித்தியாலம் 50 நிமிடம். பாவம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை.

இமாமவர்கள் 1106இல் நிஷாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார். பிறகு தூஸில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மத்ரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு தங்குமிடமும் அமைத்து, 1111இல் அங்கேயே வபாத்தானார்.

எங்கள் ஊரிலும் முழுக் கிதாபையும் மனனத்தில் இருந்தே ஓதிக் கொடுத்த ஹஸரத்மார் இருந்ததாக வாப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் ஓதியவர்கள் இன்னும் இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு வந்து சந்திக்கிறோம், குறிப்புப் புத்தகத்தோடு.