இருளுக்குப் பழகும் கண்

நண்பகல் வெய்யிலிலிருந்து இருண்ட படமாளிகையினுள் நுழைவோர் ஆசனத்தைக் கையால் தடவியே அறிகின்றனர். சிறிது நேரத்தில் அருகிலிருப்பவர் முகமும் தெரிகின்றது. இருளோ குறையவில்லை. கண்ணில் நிகழ்ந்த மாற்றம் யாது? அதனை மனிதன் அறிந்த வரலாறு சுவையானது.

கண்மணி விரிவதே காரணமெனப் பலர் எண்ணுவர். அது முற்றாக விரிந்தாலும், உட்புகும் ஒளி ஏறக்குறைய 16 மடங்கே கூடும். கண்ணின் உணர்திறனோ பல்லாயிரம் மடங்கு பெருகுகின்றது. அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் செல்லும்.

விழித்திரையில் கோல், கூம்பு என இருவகைக் கலங்கள் உள. 1866ஆம் ஆண்டில் ஜேர்மனியரான மாக்ஸ் சுல்ற்சே, ஆந்தை முதலிய இராப் பிராணிகளின் கண்ணில் கோல்களே மிகுந்திருக்கக் கண்டார். ஆகவே, மங்கலொளியிற் பார்ப்பது கோல்களின் தொழில் என்றும், நிறங்களைப் பிரித்தறிவது கூம்புகளின் தொழில் என்றும் துணிந்தார்.

பத்தாண்டுகளின் பின், 1876இல், உரோமாபுரியிற் பணியாற்றிய பிரான்ஸ் பொல் என்னும் ஜேர்மன் இளைஞர், இருளில் வைத்த தவளையின் விழித்திரை செந்நிறமாயிருத்தலையும், வெளிச்சம் பட்டதும் அது வெளிறுதலையும் கண்டார். உயிருள்ள தவளையை மீண்டும் இருளில் விட, அந்நிறம் திரும்பவும் ஊறியது. புதிருக்கு விடை இங்கேதான் இருந்தது. பேரொளி கோல்களிலுள்ள நிறப்பொருளைச் சிதைக்கின்றது. இருளில் கண் அதனை மறுபடி ஆக்கிக்கொள்கின்றது. நாம் காத்திருக்கும் நேரம் அந்த ஆக்கத்துக்குரிய நேரமாகும். பொல் 1879இல், 30 வயதிலேயே மறைந்தார். ஐடெல்பேர்க் நகரின் வில்ஹெல்ம் கூனே அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து, நிறப்பொருளைக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்.

அப்பொருள் எதனால் ஆக்கப்படுகின்றது? 1933இல் அமெரிக்கரான ஜோர்ஜ் வால்ட் விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். பண்டைக் கிரேக்க வைத்தியர் மாலைக்கண்ணுக்கு ஈரலை உண்ணக் கொடுத்தமையின் காரணமும் துலங்கியது. அந்த விற்றமின் சேமிக்கப்படும் இடம் ஈரலே. 1967இல் நோபெல் பரிசு பெற்றோருள் வால்ட்டும் ஒருவர்.

இவ்வறிவு இரண்டாம் உலகப் போரிலும் பயன்பட்டது. இரவிற் பறக்கவிருந்த விமானிகள் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தனர். செவ்வொளி கோல்களை அதிகம் தாக்காது.

எனினும், இதன் பெரும்பயன் நம் இல்லங்களுக்கு உரியது. அந்தி வேளையில் முற்றத்திற் தடுமாறும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று கடிந்துகொள்ளாதீர்கள். மாலைக்கண் விற்றமின் ஏ குறைவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பராமுகமாய் விட்டால் கருவிழி பழுதுற்றுப் பார்வையே போய்விடக்கூடும். வைத்தியரிடம் காட்டுங்கள். முருங்கையிலை, பப்பாசிப்பழம், முட்டை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு ஊட்டுங்கள்.