மவுசாக்கலை நீர்த்தேக்கம்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

வரட்சிக் காலத்தில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழும்போது, பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்று வெளிப்படுகின்றன. உல்லாசப் பயணிகளும் சிவனொளிபாதமலை யாத்திரிகரும் அவற்றைக் கண்டு வியக்கின்றனர். அவர்கள் காண்பது இயற்கையின் விந்தையன்று. 1969இல் நிறைவுற்ற அணையொன்றின் சமூக விளைவேயாகும்.

இம்மலைகளின் நீர்வலுவிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே விளக்கினார். 1924இல் தொடங்கிய வேலைகள் இடைநின்றன. இலக்சபான மின்நிலையம் 1950இலேதான் இயங்கியது. தேயிலை ஏற்றுமதியோடு நிறைவுகண்ட காலனித்துவப் பொருளாதாரத்துக்கு உள்நாட்டுக் கைத்தொழிலில் அக்கறை இருக்கவில்லை என்பதே இத்தாமதத்துக்கான அடிப்படைக் காரணமென நாம் கருதுகிறோம்.

தேசிய வரலாறு இத்தாமதத்தைப் பேசும். ஆனால் மின்நிலையம் இயங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இதே மலைகளின் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியதை அதனோடு இணைத்துப் பேசுவதில்லை. காசல்ரீ அணை 1965இல் எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. நீரைத் தேசிய வளமாக ஏற்ற அரசு, அந்நீரோடையின் கரைகளில் தலைமுறைகளாக உழைத்தோரைத் தேசத்தவராக ஏற்கவில்லை. மின்சாரம் கொழும்புக்குச் சென்றது. லயன்களிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

1969இல் இளைஞராயிருந்தோர் இன்று முதியவர்கள். கோயிற் படிகளைப் படம்பிடிப்போர் பலர். இவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதே நாம் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய ஆய்வுப்பணி.