நீங்க யாரு தம்பி?



எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்த பிறகு என் அம்மா என்னை மகன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க யாரு தம்பி? அச்சு அசல் என் மகன் மாதிரியே இருக்கீங்க" என்பார். பெற்ற தாய் 'நீங்க' என்று மரியாதை கொடுத்ததுதான் என்னைச் சுட்டது. ரேஷன் கார்டைக் காட்டி வாதாடினேன். ஒருநாள் சத்தமும் போட்டுவிட்டேன். காத்து கருப்பு என்று மந்திரிக்கச் சொன்னார்கள் சிலர். பிறகுதான் இது பற்றித் தேடிப் படித்தேன்.

1923இல் பிரான்சில் காப்கிரா, ரெபூல்-லஷோ என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். பெயரை மறைத்து 'மேடம் எம்' என்று குறித்தார்கள். கணவர், மகள் இருவருக்கும் பதிலாக அதே உருவத்தில் போலிகள் வந்துவிட்டதாக அவர் உறுதியாக நம்பினார். கௌதமர் உருவில் இந்திரன் வந்த கதைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இதற்குக் காப்கிராவின் பெயரே நிலைத்தது.

நெடுங்காலம் இதை மனச்சிக்கல் என்றே விளக்கினார்கள். தலைக்காயம், பக்கவாதம், மறதி நோய் வந்தவர்களிடமும் காணப்பட்டதால் கவனம் மூளைப் பக்கம் திரும்பியது. 1990இல் எல்லிஸ், யங் என்ற பிரிட்டன் உளவியலாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். முகத்தை அடையாளம் காண்பது ஒரு வழி; கண்டதும் பாசம் சுரப்பது வேறு வழி. இரண்டாவது அறுந்தால் முகம் தெரியும், 'நம்மவர்' என்ற உணர்வு வராது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1997இல் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து, விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். பெற்றோரை நேரில் பார்த்தால் போலி என்பார் அவர்; தொலைபேசியில் பேசினால் சந்தேகமே வராது. காதின் வழி அறுபடவில்லை என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

அதைப் படித்த அன்றே பக்கத்து அறையிலிருந்து அம்மாவுக்கு செல்போனில் பேசினேன். "ஏய்யா, சாப்பிட்டியா? எப்ப வருவ? இங்க உன்ன மாதிரியே ஒருத்தர் இருக்காரு. பாவம், என்னை நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்றார்.

அதன்பிறகு நான் வாதாடவில்லை. கடைசிவரை பகலில் அந்த 'ஒருத்தராக' இருந்தேன். இரவில் போனில் மகனாக இருந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் கோபப்படாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போட்ட அந்தச் சத்தம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்