மழை விட்ட மலை

1/ கொரியாவில் மலை, ஆறு வரையிறதுன்னா ரொம்ப காலம் சீனப் பாணிதான். 1447ல் அன் கியோன் ஒரு இளவரசர் கண்ட கனவை வரைந்தார். மலைகளைத் தீட்டிய விதம் சீன ஓவியர் குவோ ஷியின் வழி.

2/ திசையை மாத்தினவர் ஜோங் சோன் (1676–1759). சீனத் தூரிகை முறையைத் தூக்கிப் போடலை. அதை வச்சே, கும்காங் மலை, சியோல்னு தன் கண்ணால பார்த்த இடங்களை வரைஞ்சார். இதுக்கு 'உண்மைக் காட்சி' ஓவியம்னு பேர்.

3/ 1751. அவருக்கு வயசு 75. சியோலின் இன்வாங் மலையில் மழை விட்டிருக்கு. நிஜத்தில் அது வெளிர் நிறப் பாறை. அவரோ மை மேல மை ஏத்திக் கறுப்பாக்கினார். நனைஞ்ச பாறையின் கனம் அப்படியே தெரியும். கீழே மூடுபனி இருக்கிற இடத்தில் மையே இல்லை, வெறும் தாள்!

4/ அவரோட நெடுநாள் நண்பர், கவிஞர் யி பியோங் யோன், அப்போ நோய்ப் படுக்கையில். மேகம் விலகுற மாதிரி நண்பர் நோயும் விலகணும்னு வரைஞ்சதா ஆய்வாளர்கள் சிலர் கருதுறாங்க. அதே வருஷம் நண்பர் இறந்துட்டார்.

5/ மருந்து கைவிட்ட பிறகும் எதையாவது செய்யணும்னு கை துடிக்கிறதை வார்டில் தினம் பார்க்கிறேன். அந்தக் கிழவர் கைக்குத் தெரிஞ்சது தூரிகை. நண்பர் போயிட்டார். அந்த மலை இன்னிக்கு கொரியாவின் தேசியப் பொக்கிஷம்.