625006: மதுரை திருநகரின் பின்கோடு... இந்த ஆறு இலக்கத்துக்குள் இவ்வளவு கணக்கா?

பார்சல், வங்கிப் படிவம், ஆன்லைன் ஆர்டர் என எல்லாவற்றிலும் மதுரை திருநகர்வாசிகள் யோசிக்காமலேயே எழுதும் எண் 625006. பக்கத்திலேயே இருக்கும் திருப்பரங்குன்றத்தின் எண் 625005. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் போதும், ஊரே மாறிவிடும். அப்படித் தப்பாக எழுதினால் எண்ணே அதைக் காட்டிக்கொடுக்குமா?

ஒவ்வொரு இலக்கமும் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. இதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, லட்சத்தீவு அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். 625 என்ற முதல் மூன்று இலக்கங்கள் மதுரை வட்டாரத்துக்கு உரியவை. தேனி தனி மாவட்டமான பிறகும் அதன் பின்கோடு 625531 என்றே தொடர்கிறது. கடைசி மூன்று இலக்கங்கள் தபால் நிலையத்தைச் சொல்பவை.

625-க்கு என்ன விசேஷம்?

625-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 390625. மீண்டும் 625-ஆல் பெருக்கினால் 244140625. எத்தனை முறை பெருக்கினாலும் கடைசியில் 625 வந்து நிற்கும். மூன்று இலக்க எண்களில் இந்தக் குணம் கொண்டவை இரண்டே இரண்டுதான்: 376, 625.

625006-ஐப் பிரித்தால்?

625006 = 2 × 47 × 61 × 109. நான்குமே பகா எண்கள். ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. இதன் மொத்தக் காரணிகள் 16. ஆனால் ஒன்றே ஒன்று குறைவான 625005-க்கு 48 காரணிகள் உள்ளன! அது 3 × 3 × 5 × 17 × 19 × 43. அடுத்தடுத்த எண்கள் என்பதால் 1-ஐத் தவிர இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. அஞ்சலில் பக்கத்து வீடு, கணக்கில் சம்பந்தமே இல்லை.

தப்பை எண் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. 6-க்குப் பதில் 5 எழுதினாலும் அதுவும் சரியான பின்கோடுதான். ஆதார் அப்படியல்ல. அதன் 12-வது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முந்தைய 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. ஒரு இலக்கம் மாறினாலோ, அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு உதைக்கும். நெதர்லாந்து கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை இது.

பின்கோடுக்கும் இது சாத்தியமா?

11-ஆல் மீதியின்றி வகுபடும் எண்களை மட்டும் பின்கோடாக வைத்தால், ஒரு இலக்கப் பிழை கட்டாயம் பிடிபடும். ஆனால் 625000 முதல் 625999 வரையுள்ள 1,000 எண்களில் 91 மட்டுமே தேறும். 625005, 625006 இரண்டுமே அடிபட்டுப் போகும். இல்லையென்றால் எல்லோரும் ஏழாவது இலக்கம் ஒன்றை எழுத வேண்டியிருக்கும்.

அதுவரை பின்கோடுடன் ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதுவதுதான் வழி. கடைசி இலக்கம் தவறினாலும், ‘திருநகர்’ என்ற பெயரைப் பார்த்துத் தபால்காரர் பிழையைக் கண்டுகொள்ளலாம்.