நோயாளர் கூட்டத்திற்கு மின்னஞ்சல் அழைப்பு: கவனிக்க வேண்டியவை

மருத்துவ விளக்கக் கூட்டத்திற்கோ நோயாளர் ஆதரவுக் குழுக் கூட்டத்திற்கோ பலரை ஒரே மின்னஞ்சலில் அழைக்கும்போது, யாருக்கு என்ன நோய் என்பது வெளிப்பட்டுவிடக்கூடும். 2020 பிப்ரவரியில் எச்.ஐ.வி. ஸ்காட்லாந்து என்னும் தொண்டு நிறுவனம் 105 பேருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அனைவரின் முகவரிகளும் அனைவருக்கும் தெரிந்தன. அவற்றுள் 65 முகவரிகள் உரியவரின் பெயரையே காட்டின. அந்நிறுவனத்திற்கு 2021-இல் 10,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

நீங்கள் அழைப்பு அனுப்பும்போது:
• முகவரிகளை பிசிசி எனப்படும் மறைநகல் கட்டத்தில் மட்டும் இடுக.
• தலைப்பு வரியில் நோயின் பெயரைத் தவிர்க்கவும். கைப்பேசித் திரையில் அது பிறர் கண்ணிலும் படும்.
• நாள், நேரம், இடம், பேசும் மருத்துவர், உடன் வருவோருக்கான அனுமதி, சக்கர நாற்காலி வசதி, கட்டணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுக.
• மருந்து நிறுவனம் செலவை ஏற்றால் அதையும் குறிப்பிடுக.

நீங்கள் அழைப்பைப் பெறும்போது:
• அனுப்பியவருக்கு மட்டும் பதில் எழுதுக. 'அனைவருக்கும் பதில்' என்பதைத் தவிர்க்கவும்.
• மருத்துவ அறிக்கையோ ஆதார் எண்ணோ கேட்கப்பட்டால், நீங்கள் முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் விசாரித்து உறுதிசெய்யும்வரை அனுப்ப வேண்டாம்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், அதில் கூறப்பட்டுள்ள விதிவிலக்குகள் நீங்கலாக, ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. எந்த நோயாயினும், அதைப் பிறரிடம் கூறுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளரே.