திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலை

திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலை அடையும் சாலை. நீளம் ஏறத்தாழ 65 கி.மீ. முன்பு தேசிய நெடுஞ்சாலை 47 என்றிருந்தது, இன்று 66இன் தென்கோடிப் பகுதி. திருவிதாங்கூர்க் காலத்தில் இது ஒரே அரசின் உள்வழி. நாஞ்சில் நாட்டு நெல் தலைநகருக்கு வந்தது இவ்வழியேதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் திருவனந்தபுரத்தில் அமைத்த ‘சாலைக் கம்போளம்’ என்ற சந்தை அந்த நெல்வரத்தை நம்பி வளர்ந்தது. பாலராமபுரத்து நெசவும் தெற்கிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் கைவேலை. ஆனாலும் சாலை இருந்தால் வணிகம் தானே செழிக்கும் என்பது பாதி உண்மைதான். ஆரல்வாய்மொழிக்கு அப்பாலுள்ள பிரிட்டிஷ் எல்லையில் சுங்கம் தடையாக நின்றது. திவான் மாதவராவ் காலத்தில், 1865ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கைதான் அதைப் பெருமளவு தளர்த்தியது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. சாலையில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் நடுவில் விழுந்த மாநில எல்லையில் இரண்டு வரித்துறைகள் முளைத்தன. அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது அன்றாடக் காட்சியானது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. அகலப்படுத்தாத அதே சாலையில் காத்திருப்பு குறைந்தது. சரக்குப் போக்குவரத்தில் விதியின் எடை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பெட்ரோலும் மதுவும் இன்னும் அந்த வரிக்கு வெளியே இருப்பதால் விலை வேறுபாடு தீரவில்லை. எல்லையோரக் கடத்தல் பேச்சும் ஓயவில்லை.

இத்தகைய சாலை இணைப்பு பெரிய நகரத்துக்கே ஆதாயம், சிறிய பக்கம் வற்றிப்போகும் என்பது வலுவான மறுப்பு. அதில் நியாயம் உண்டு. குமரி மாவட்ட நோயாளிகள் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளை நாடுகிறார்கள். குமரி, நெல்லை மலைகளின் கல் எல்லை தாண்டுகிறது, தூசியும் உடைந்த சாலைகளும் உள்ளூருக்கு மிஞ்சுகின்றன. ஆனால் தோவாளைப் பூச்சந்தைக்கு ஓணக்கால விற்பனையைத் தருவதும் இதே வழிதான். மலைக்கு நேரும் இழப்புக்குச் சாலையைவிடக் குவாரி அனுமதிகளே பொறுப்பு. 2025 மே 2இல் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் சரக்கு தென்தமிழகத்துக்குத் தரைவழியே வர வேண்டுமானால், எல்லையிலுள்ள காரோட்டுக்குத் தெற்கே தமிழகப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் இழுபறியாகக் கிடக்கும் நான்குவழிச் சாலைப் பணி முடிய வேண்டும்.